எதிரிக்கும் அதே சட்டம்

புரியாமை பற்றி நம் சிறு பத்திரிகைகளில் எழுதித் தீர்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1959ல் 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து புதுக்கவிதைக்காரன்மேல் சுமத்தப்பட்டுவரும் முதல் குற்றச்சாட்டு அது. சொல்லப்பட்ட சமாதானங்களும் அன்றிலிருந்து அனேகமாக மாறவில்லை. வாழ்க்கை சிக்கலாகிவிட்டது, கவிதை மட்டும் எப்படி எளிமையாக இருக்கும் என்பது ஒன்று. வாசகனும் கொஞ்சம் உழைக்கவேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் தப்பில்லை, இரண்டும் போதவும் இல்லை. எந்த மாதிரிக் கடினம், யாருக்காக, எந்தச் சட்டத்துக்கு உட்பட்டு என்ற கேள்விகளை நாம் கேட்காமலே விட்டுவிட்டோம். இலக்கியத்தோடு ஒட்டுறவில்லாத ஒரு கூட்டம் இருபது வருஷத்துக்கு மேலாக இவற்றைக் கறாராகக் கேட்டு, பதிலைச் செய்தும் காட்டிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களைச் சொல்கிறேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளலாம். சினிமாவைப் பற்றி எழுதத் துணிந்தவர்களைப் பார்த்தும் ஒரு காலத்தில் இதே முகங்கள் சுளித்தன.

விஷயம் இது. 1998ல் கனடாவின் பயோவேர் கம்பெனி 'பால்டர்ஸ் கேட்' என்று ஒரு விளையாட்டைச் செய்தது. இரண்டாம் பாகம் 2000ல் வந்தது. கதையை முடித்துவைக்கும் 'த்ரோன் ஆஃப் பால்' 2001ல். ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை வைத்துக்கொண்டு, கத்தியும் மந்திரமுமாக ஒரு கற்பனை நாட்டில் அலைகிற ஆட்டம். மூலம் இன்னும் பழையது. 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட, காகிதமும் பென்சிலும் பகடையும் வைத்து ஆடும், 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதில் எதிரிகளை ஆட்டிவைப்பவர் ஒரு மனிதர். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார், உங்கள் தந்திரத்தைப் பார்த்து அவரும் தந்திரம் செய்வார். கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது சட்டங்கள் பக்கம் பக்கமாக உள்ளே போயின. அந்த மனிதர் மட்டும் வெளியே நின்றுவிட்டார்.

விளைவு என்னவென்றால், அசாதாரண செழுமை கொண்ட ஒரு சட்டநூலை முட்டாள் எதிரிகள் காவல் காத்தார்கள். மகா மந்திரவாதி என்று கதை வர்ணிக்கும் ஒருவன், சுவருக்கு அப்பாலிருந்து வீசிய விஷப்புகைக்குள் நின்றபடியே சாவான், நகர்ந்துகொள்ளத் தோன்றாது. பேச்சு முடியும்வரை டிராகன் சண்டைக்கு வராது என்பதால், அதன் காலடியிலேயே வரிசையாகக் கண்ணி வைத்துவிட்டுப் பிறகு போய்ப் பேச்சுக் கொடுக்கலாம். நூற்றாண்டுகள் வாழ்ந்த டிராகன் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். கம்பெனிக்கு இது தெரியாமலில்லை. கடினத்தைக் கூட்ட ஒரு திருகு வைத்திருந்தது. ஆகக் கடைசி நிலைக்குத் திருகினால் எதிரியின் அடி இரட்டிப்பாக விழும். முட்டாள் முட்டாளாகவே இருப்பான், கை மட்டும் கனத்துவிடும்.

ரசிகர்கள் தலையிட்டது இங்கேதான். 'மாட்' என்கிறார்கள், மாடிஃபிகேஷன் என்பதன் குறுக்கம். கம்பெனி விளக்கிச் சொல்லாத கோப்பு அமைப்புகளைத் தாங்களே பிரித்துப் படித்து, கருவிகள் செய்து, ஆட்டத்தின் உள்ளே போய்த் திருத்தினார்கள். கூலி கிடையாது. புதிய ஆயுதங்கள், புதிய தோழர்கள் என்று பலவகை மாட்கள் உண்டு; எனக்கு அக்கறை, ஆட்டத்தைக் கடினமாக்குவதற்காகவே செய்யப்பட்டவற்றில். ஏற்கனவே பலமுறை ஜெயித்துவிட்ட ஒருவன், மறுபடி தோற்பதற்கு இரவெல்லாம் உட்கார்ந்து ஏற்பாடு செய்வது என்ன மனோபாவம்?

தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் சுகம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்பவர்கள் இந்த மாட்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்காதவர்கள். ஆரம்பத்தில் வந்த சில, கம்பெனியின் திருகையே இன்னும் முரட்டுத்தனமாகத் திருகின. எந்த மந்திரமும் தீண்டாத எதிரி, சட்டநூலில் எவனுக்கும் இல்லாத சக்திகள் கொண்ட எதிரி. பிறகு வந்தது 'ஸ்வோர்ட் கோஸ்ட் ஸ்ட்ராடஜெம்ஸ்' என்ற மாட். அதன் அடிப்படைப் பிடிவாதம், எதிரிக்கும் பெரும்பாலும் உங்களுக்கு உள்ள அதே சட்டம் என்பது. உங்கள் மந்திரவாதி ஒரு நாளைக்கு எத்தனை மந்திரம் மனதில் வைத்துக்கொள்ளலாமோ அந்தக் கணக்குக்குள்தான் அவனும் நிற்பான். ஆனால் யோசிப்பான். விஷப்புகை வந்தால் விலகுவான். பக்கத்து அறைக் கூட்டாளியைக் கூப்பிடுவான். சண்டை வரும் என்று எதிர்பார்த்தால் முன்கூட்டியே காப்பு மந்திரங்களைப் போட்டுக்கொண்டு நிற்பான். உயிர்ப்புள்ளியைக் கூட்டிக் கடினமாக்குவது ஒரு வழி, புத்தியைக் கூட்டிக் கடினமாக்குவது ஒரு வழி. இரண்டிலும் தோல்வி ஒன்றுபோலத் தோன்றும். அவற்றின் தராதரம் வேறு. (2012லிருந்து இந்த விளையாட்டுகளை மெருகேற்றி மறுபதிப்புச் செய்த கம்பெனியும், பின்னால் தன் பங்குக்கு ஒரு உச்சக் கடின நிலையைச் சேர்த்தது, எதிரிகளின் உயிர்ப்புள்ளிகளைப் பெரிய அளவில் கூட்டியது அதன் முக்கிய அம்சம். வியாபாரத்துக்குத் தெரிந்த கடினம் எண்ணிக்கைதான் போலிருக்கிறது.)

புத்தியைக் கூட்டியதில் எதிர்பாராத ஒரு பலன் கிடைத்தது. மூல ஆட்டத்தின் மந்திரப் பட்டியலில், எதிரி மந்திரவாதியின் காப்புகளைப் படலம் படலமாக உரிப்பதற்கென்றே ஒரு தொகுதி மந்திரங்கள் இருந்தன. எந்தக் காப்பை எது உடைக்கும், எது எதற்கு அடியில் ஒளிந்துகொள்ளும் என்று நுணுக்கமான ஒரு இலக்கணமே அதற்கு உண்டு. மூல ஆட்டத்தில் அவற்றைத் தொடாமலே கடைசிவரை போய்விடலாம். காப்பு கலையும்வரை ஒதுங்கி நின்றால் போதும். மாட் வந்த பிறகு அந்த இலக்கணம் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. ஒரு பிரதியில் ஏற்கனவே இருந்து யாரும் வாசிக்காமல் விட்ட பக்கங்களைக் கட்டாயமாக வாசிக்கவைத்துவிட்டார்கள். இதற்கு நம் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது. விமர்சனம் என்று சொல்கிறோம். மூலத்தின்மேல் ஆழ்ந்த பற்றும், அதே அளவுக்கு அதிருப்தியும் உள்ளவன் செய்கிற காரியம். இந்த மந்திரவாதி நீ வர்ணித்த அளவுக்கு அறிவாளியாக இல்லையே என்று அவன் ஆசிரியனைக் கேட்கிறான். வர்ணனையை ஆசிரியனைவிட அதிகமாக நம்பிவிட்டான்.

ஆசிரியனே இப்படிக் கேட்டுக்கொண்ட ஒரு சந்தர்ப்பமும் உண்டு. இரண்டாம் பாகத்தை எழுதியவர்களில் ஒருவரான டேவிட் கெய்டர், 'த்ரோன் ஆஃப் பால்' முடிவில் திருப்தியில்லாமல், கம்பெனியின் பெயரில் அல்லாமல் தாமாகவே 'அசென்ஷன்' என்று ஒரு மாட் வெளியிட்டார். அதில் கடைசிச் சண்டை கொடூரமாகக் கடினம். முன்பு நீங்கள் கொன்றவர்கள் அங்கே திரும்பி வருகிறார்கள். அதே சமயம் பால்தசார் என்ற துறவியைக் கொன்றுதான் ஆகவேண்டும் என்பதில்லை. பேசி மனதைத் திருப்பி அவனைத் துணைக்கு அழைக்கவும் வழி உண்டு. செய்த கொலைகள் கணக்குத் தீர்க்க வருவதும், செய்யாமல் விட்ட கொலை கைகொடுப்பதும் ஒரே இடத்தில் நிகழ்கின்றன. கடினமும் அர்த்தமும் இப்படி ஒன்றாக இறுகுவதை நான் பல நல்ல நாவல்களில்கூடப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் அந்நிய சமாசாரம் என்று ஒதுக்குகிறவர்களை, ஆடி முடித்த ஆட்டத்தை வேண்டுமென்றே கடினமாக்கி மறுபடி ஆடுவதை நூற்றாண்டுக்கணக்காகச் செய்த ஒரு மொழி எது என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தாதி நன்றாகக் கைவந்துவிட்டது. அதற்கு வழக்கமான கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி அடிக்கு 16 அல்லது 17 எழுத்து என்ற கணக்கும் பழகிவிட்டது. அப்புறம்? அடிதோறும் முதலில் அதே எழுத்துகள் வேறு வேறு பொருளில் வரட்டும் என்று யமகம் சேர்ந்தது. அதுவும் பழகியபின், உதடு குவிவதும் ஒட்டுவதும் கூடாது என்று நிரோட்டகம் சேர்ந்தது. மூன்று பூட்டும் ஒரே கதவில். 17ம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' பாடியது இப்படித்தான். கதையும் தெரிந்ததுதான். நெல்லையில் வெள்ளியம்பலத் தம்பிரானிடம் இலக்கணம் படித்தார். ஆசிரியரை இகழ்ந்துவந்த ஒரு புலவரைத் திருச்செந்தூரில் சந்தித்தார். நிரோட்டக யமகம் 30 பாடுவது, தோற்றவர் ஜெயித்தவருக்கு அடிமை என்று பந்தயம். ஜெயித்து, தோற்றவரைக் கொண்டுபோய் ஆசிரியர் காலில் விழவைத்தார். பந்தயம் வைத்த புலவருக்கும் அதே சட்டம் என்பதைக் கவனிக்கவேண்டும்.

நிரோட்டகத்தை வித்தை என்று தள்ளுகிறவர்கள் அதன் சட்டத்தைத் தமிழின்மேல் வைத்துப் பார்த்ததில்லை. ப, ம, வ வரிசைகள் இல்லை. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஏறிய எந்த எழுத்தும் இல்லை. அப்படியானால் 'கு' உருபு போயிற்று. யாருக்கு, எதற்கு என்று சொல்ல வழியில்லை. 'உம்' போயிற்று. 'ஓடு' போயிற்று. எதிர்காலம் காட்டும் ப, வ இடைநிலைகள் போயின. மகரத்தில் முடியும் பெயரெல்லாம் போயிற்று. மனம் இல்லை, குணம் இல்லை, மரணம்கூட இல்லை. முருகன்மேல் பாடுகிற கவிக்கு முருகன் என்ற பெயரே இல்லை. குமரன், வேலன், ஆறுமுகன் என்று வாயில் எளிதாக வருகிறவை எல்லாம் அடைபட்டுவிட்டன. ஆனால் 'கந்தன்' நுழைகிறது, 'சேந்தன்' நுழைகிறது. எல்லாவற்றையும்விட, 'செந்தில்' என்ற ஊர்ப்பெயர் ஒரு கீறல்கூட இல்லாமல் நுழைகிறது. தெய்வத்தின் நாமங்கள் பலவும் வெளியே நிற்க, அது நிற்கும் ஊர் மட்டும் உள்ளே வருகிறது. இந்தச் சட்டம் இல்லாவிட்டால் அந்த ஊர்ப்பெயருக்குள் இப்படி ஒரு வாசல் இருப்பது யாருக்குத் தெரிந்திருக்கும்? யாரும் எடுக்காத மந்திரங்களுக்கு மாட் செய்த காரியத்தை இங்கே இலக்கணக் கட்டுப்பாடு செய்கிறது. ழார்ழ் பெரெக் 1969ல் பிரெஞ்சு மொழியில் மிக அதிகமாக வரும் உயிரெழுத்தை விலக்கி ஒரு முழு நாவல் எழுதினார். அதை வியக்கிற நம் நண்பர்கள் திருச்செந்தூர்வரை போவதில்லை.

நம் பரம்பரை முழுவதையும் தூக்கிப்பிடிக்க இதைச் சொல்லவில்லை. இங்கேயும் உயிர்ப்புள்ளிக் கடினம் ஏராளம். வில்லிபுத்தூரார் தோற்ற புலவர்களின் காதை அறுத்தார் என்றும், அருணகிரிநாதர் கந்தரந்தாதி பாடப் பாட இவர் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார் என்றும், முழுக்கத் தகர வரிசையே நிறைந்த 54ம் செய்யுளில் திகைத்துத் தோற்றார் என்றும் கர்ணபரம்பரைக் கதை. காதறுக்கும் கத்தியை அவர் கையிலிருந்து வாங்கியது நல்ல காரியம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் செய்யுளைக் கவிதை என்று நான் வாசித்ததில்லை. எதிரி ஒருவனை நிறுத்துவதற்கென்று கட்டிய சுவர் அது. உரையை ஏணியாக வைத்து ஏறிப் பார்த்தால் அந்தப் பக்கம் கிடைப்பது சொற்ப இடம். செந்தில் வழியாக நுழைகிற கவி மொழியில் முன்பே இருந்த ஒரு கதவைக் கண்டுபிடிக்கிறான். தகரத்தை அடுக்குகிறவன் நிகண்டை நம்பியிருக்கிறான். காளமேகத்துக்குச் சொல்லப்படும் எமகண்டம் இன்னும் மோசம். கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரைக்கு மேலே தொங்கிக்கொண்டு பாடுவது பாட்டுக்கு என்ன சேர்க்கிறது? கம்பெனியின் திருகு மாதிரி, அடி மட்டும் இரட்டிப்பு. 1907ல் சென்னை விக்டோரியா ஹாலில் செய்குத்தம்பிப் பாவலர் நிகழ்த்திய சதாவதானத்தை இந்த வகையில் சேர்க்க மாட்டேன். அங்கே கேட்பவர்கள் நூறு வகையாகத் தாக்கினார்கள், ஒவ்வொருவரும் தன் புத்தியைக் கொண்டுவந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் இருந்தார்கள்.

காதறுக்கிறவர்கள் ஒழிந்துவிட்டதாகவும் நினைக்கவேண்டாம். மாட் ஆடுகிறவர்களிலும் ஒரு சாரார், சுலப நிலையில் ஆடுகிறவனை மனிதனாக மதிப்பதில்லை. நம் வட்டத்தில் எத்தனை பேர் சட்டைப்பையில் துறடு வைத்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லப் போவதில்லை.

பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவக்காரர் 1978ல் 'கிராஸ்ஹாப்பர்' என்று ஒரு புத்தகம் போட்டார். தேவையில்லாத தடையை மனமொப்பி ஏற்பதுதான் விளையாட்டின் சாரம் என்பது அவர் கட்சி. கோல்ஃப் பந்தைக் கையால் எடுத்துப்போய்க் குழியில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், விளையாட்டும் முடிந்துவிடும். மனமொப்பி என்பதைத்தான் நான் அழுத்துவேன். வானகரத்தில் வசிக்கிற, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தினமும் இரண்டு வேளை பஸ்ஸில் நிற்கிற, பகல் முழுவதும் பாங்கு கவுன்ட்டரில் உட்காருகிற ஒருவனுக்குத் தடைகளில் குறைவில்லை. பைபாஸ் சந்திப்பில் ஏன் நிற்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் மீன் சந்தையிலிருந்து வந்த அம்மாளும், மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த ஒரு படிவத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். எந்தச் சட்டத்தின்கீழ் தோற்றோம் என்று இருவருக்குமே தெரியாது. 'பால்டர்ஸ் கேட்' திரையின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பகடையும் என்ன விழுந்தது, எதோடு கூட்டப்பட்டது, ஏன் அடி பட்டது என்று வரிவரியாக அதில் ஓடும். நான்கு மணிநேரம் ஆடி ஆறு பேரும் செத்துப்போனாலும் தோல்விக்குக் காரணம் எழுத்தில் இருக்கிறது. திரும்பப் போய்ப் படிக்கலாம். இந்த மாட்களின் கவர்ச்சி, என்னைக் கேட்டால், இதில்தான் இருக்கிறது. ஜெயிப்பதற்காக யாரும் இவற்றைப் போட்டுக்கொள்வதில்லை. ஜெயிப்பது மூலத்திலேயே கிடைக்கும். விளங்குகிற தோல்வி வெளியில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

தப்பித்தல்தானே இது என்று இடதுசாரி நண்பர் கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான். நியாயமான சட்டம் ஒன்று எங்கேயோ ஒரு திரையில் கிடைத்துவிடுவதால் படிவத்தின்மேல் வரவேண்டிய கோபம் தணிந்துவிடக்கூடும். தணிந்தும் இருக்கிறது, என் சகாக்களிடம் பார்க்கிறேன். அதே சமயம், தோற்றால் காரணம் சொல்லப்படவேண்டும் என்ற பழக்கம் ஒருவனுக்கு எங்கிருந்தாவது வந்துவிட்டால், காரணம் சொல்லாத இடங்களில் அவனுக்கு உறுத்தும். எது மேலோங்கும் என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நம் கவிதைக்கு வருகிறேன். மாட் ஆடுகிறவர்களுக்குள் எழுதாத ஒரு மரியாதை உண்டு. புதிதாக வருகிறவனிடம் முதலில் மூலத்தை ஒருமுறை ஆடி முடித்துவிட்டு வா என்பார்கள். 'எழுத்து' காலத்துக் கவிகள் மூலத்தை ஆடியிருந்தார்கள். பிச்சமூர்த்தி யாப்பை உடைத்தபோது எதை உடைக்கிறோம் என்ற ஞானம் அவர் கையில் இருந்தது. வாசகன் கையிலும் கொஞ்சம் இருந்தது. அந்தக் கடினம் இரண்டு பேருக்கும் தெரிந்த சட்டத்தின்மேல் கட்டப்பட்டது. அதற்குப் பின் வந்த கவிதையில் பெரும்பகுதி உச்சக் கடின நிலையிலேயே தொடங்குகிறது. கீழே மூலம் என்று ஒன்று இல்லை. இறுகிய படிமத்தின்மேல் இன்னொரு இறுகிய படிமம், வினைமுற்று இல்லாத வாக்கியம், யாரோடு பேசுகிறது என்று தெரியாத 'நீ'. ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்தால் அடியில் அந்தப் பழைய முட்டாள் மந்திரவாதி நின்றுகொண்டிருக்கிறான், உயிர்ப்புள்ளி மட்டும் ஏற்றப்பட்டு. காதல் தோல்வி, நகரத் தனிமை, மரணம் பற்றி எல்லோருக்கும் தெரிந்த நினைப்பு. மறுபடி படித்தால் இன்னும் பத்து நிமிஷம் கூடுதலாக அடிக்கவேண்டியிருக்கும். இன்னும் ஒரு விதமாக யோசிக்கவேண்டியிருக்காது.

இதற்கு மறுப்பு உண்டு. கடினமான வாசல் வழியாகவே நேரே நுழைந்து தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள், நானே சிலரை அறிவேன். மூலம் ஆடாத குறை அவர்களிடம் தெரிவதில்லை. கல்லூரியில் ஆங்கிலம் படித்தவன் யாப்பருங்கலக் காரிகையைத் தொடாமலே எலியட்டிலிருந்து தொடங்கிவிட முடிகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களை அங்கே நிறுத்திவைத்த கவிதைகளைப் பார்த்தால், சட்டம் கவிதைக்குள்ளேயே எங்காவது ஒரு வரியில் வெளிப்படையாக வைக்கப்பட்டிருக்கும். கவி தனக்கு மறுத்துக்கொண்டது என்ன என்று வாசகன் கண்டுபிடிக்க முடியும். நிரோட்டகத்தில் அதற்கு அகராதிகூட வேண்டாம். பொருள் விளங்காவிட்டாலும் வாய்விட்டுப் படிக்கலாம். உதடு ஒட்டுகிறதா என்று படிக்கிறவனுக்கே தெரியும். பந்தயத்தில் எதிரே உட்கார்ந்திருந்த புலவருக்கும், கூடிநின்ற திருச்செந்தூர்க்காரர்களுக்கும், கவியின் வாயைப் பார்த்தாலே போதுமாயிருந்திருக்கும்.